பரணில் கிடந்த என்யா 19: பிடித்துக்கொண்ட எஞ்சினை உடைக்காமல் இளக்குவது எப்படி?

#1 பரண்பெட்டி (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா போன வருடம் காலமானார். வீட்டை ஒழிக்கும்போது பரணில் இருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே இறக்கை முறிந்த கன்ட்ரோல் லைன் மாடல் விமானம் (கம்பியில் பிடித்து வட்டமாகப் பறக்கவிடுவது) ஒன்று, அதன் கைப்பிடி, துருவேறிய கம்பிச் சுருள், துணியில் சுற்றிய மூன்று எஞ்சின்கள். பெரியப்பா 1970-களில் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடுவில் நின்று சுற்றிச் சுற்றி விமானம் ஓட்டுவார். நான் தூரத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் புகை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

பெரிய எஞ்சின் என்யா 19 (0.19 கன அங்குலம்), ஜப்பானில் செய்தது, க்ளோ பிளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் சூடேறிய சுருள்) போட்டு ஓடுவது. இன்னொன்று 2.5 சிசி டீசல். மூன்றாவது கட்டைவிரல் அளவு காக்ஸ் 0.049. மூன்றும் அசையவே இல்லை. வெளியெல்லாம் தேன் நிறத்தில் கெட்டியாக ஏதோ படிந்திருக்கிறது, நகத்தால் கீறினாலும் வரவில்லை.

என்யாவை மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். மேலே இருந்த தூசிதான் போயிற்று. புரொப்பெல்லர் மாட்டித் திருகிப் பார்த்தேன், நகரவில்லை. ஷாஃப்டைக் குறடால் பிடித்துத் திருப்பலாமா? எனக்கு இது ஓட வேண்டும். பெரியப்பா கையால் கடைசியாக ஓடியது அது.

#2 கம்பிச்சுற்று (சென்னை)

தம்பி, குறடைக் கீழே வையுங்கள். இன்றிரவு விரிவாக எழுதுகிறேன். அதுவரை எஞ்சினைத் தொடாதீர்கள்.

#3 வெண்கலப்பானை (கும்பகோணம்)

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பூஜை விளக்கில் பிடிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு மாதிரிதானே? புளித் தண்ணீரில் கொதிக்கவிட்டுத் தேய்த்தால் பளபளவென்று வந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் காஸ்டிக் சோடா இரண்டு கரண்டி. எங்கள் கடையில் பழைய பாத்திரத்துக்கெல்லாம் அதுதான்.

#4 லேத்துமேடை (கோயம்புத்தூர்)

வெண்கலப்பானை சார், பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் நீங்கள் சொல்வது சரி. இது அலுமினிய வார்ப்பு. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். நுரைத்துக்கொண்டு வருவது ஹைட்ரஜன் வாயு, பக்கத்தில் தீப்பொறி இருந்தால் ஆபத்து. அரை மணி நேரத்தில் கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) கறுத்துப் பொரிந்துபோகும். அடுப்புக் கறை நீக்க விற்கிற ஸ்ப்ரேக்களிலும் இதே காரம்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான பொடியும் காரம் மிகுந்தது. புளியில் கொதிக்கவைத்தால் அமிலம் அலுமினியத்தை அரித்து நிறத்தை மாற்றிவிடும். இவை எதுவுமே வேண்டாம்.

என் பட்டறைக்கு இப்படி ஒரு எஞ்சின் வந்தது. யாரோ ஒரு இரவு முழுக்கக் காரத்தில் போட்டிருந்தார்கள். திருகு மரையெல்லாம் கரைந்து, ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, இறுக்க வழியே இல்லாமல் போயிருந்தது.

#5 வெண்கலப்பானை (கும்பகோணம்)

அலுமினியம் என்பது எனக்குத் தோன்றவில்லை. சொன்னது நல்லதாயிற்று. தொடர்ந்து படிக்கிறேன்.

#6 கம்பிச்சுற்று (சென்னை)

பரண்பெட்டி தம்பிக்கு. நான் 40 வருடமாகக் கன்ட்ரோல் லைன் ஓட்டுகிறேன். இந்த நிலையில் எத்தனையோ எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் எஞ்சின் கெட்டுப்போகவில்லை. அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டியது விளக்கெண்ணெய்.

க்ளோ எஞ்சினின் எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். அதோடு நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை விளக்கெண்ணெய், சிலர் கொஞ்சம் நைட்ரோமீத்தேன் சேர்ப்பார்கள். விளக்கெண்ணெய் சாதாரணமாகக் காயாத எண்ணெய். தலையில் தேய்த்தால் நாள் கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். ஆனால் அதைச் சூடாக்கினால் கதை மாறுகிறது. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். நல்ல சூட்டில் அதிலிருந்து நீர் மூலக்கூறு பிரிந்துபோய், அது காயும் எண்ணெயாக மாறிவிடும். பெயின்ட், வார்னிஷ் செய்கிறவர்கள் விளக்கெண்ணெயை வேண்டுமென்றே இப்படி மாற்றித்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் எஞ்சினின் சூடான வெளிப்பக்கத்தில் தேன் நிறத்தில் படிந்திருப்பது அந்த வார்னிஷ்தான். உள்ளே இருப்பது அவ்வளவு சுட்டிருக்காது. வருடக்கணக்கில் கிடந்து கெட்டித்து, பசையாகி இருக்கும்.

மண்ணெண்ணெய் ஏன் வேலை செய்யவில்லை என்றால், விளக்கெண்ணெய்க்கும் பெட்ரோலிய எண்ணெய்களுக்கும் அவ்வளவாக ஒட்டாது. முதல் உலகப் போரில் ஓடிய சுழல் எஞ்சின்களில், நோம், லெ ரோன் போன்றவற்றில், விளக்கெண்ணெய் ஊற்றியதே இதனால்தான். பெட்ரோல் பட்டாலும் கழுவிக்கொண்டு போகாது. அன்று விமானியைக் காப்பாற்றிய குணம் இன்று உங்கள் மண்ணெண்ணெயைத் தோற்கடிக்கிறது. விளக்கெண்ணெய் கரைவது ஆல்கஹாலில். அதுவும் புதுப் பிசுக்கு கரையும். வார்னிஷாக இறுகியது ஆல்கஹாலுக்கும் லேசில் மசியாது. அதற்குச் சூடு வேண்டும்.

முதலில் பிளக்கைக் கழற்றாமல், எக்ஸாஸ்ட் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் பக்கம் தேன் அல்லது வெல்லப்பாகு நிறம் தெரிந்தால் அது எண்ணெய். செங்காவியாக, பொடியாகத் தெரிந்தால் துரு. கையால் புரொப்பெல்லரை லேசாகத் தள்ளிப் பாருங்கள். பிசுக்கு என்றால் மயிரிழை அளவு கொடுத்துவிட்டுத் திரும்பி வரும், ரப்பர் மாதிரி இருக்கும். துரு என்றால் கல்லில் மோதியது மாதிரி நிற்கும்.

எண்ணெய்தான் என்றால் ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ எடுங்கள். எரிபொருள் தொட்டி மாட்டியிருந்தால் கழற்றி, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சிலிண்டரைச் சுற்றிச் சுற்றி, ஒரே இடத்தில் நிற்காமல் சூடு காட்டுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஆவியாக வேண்டும், அந்த அளவு போதும். சுடர் நேராகப் படக் கூடாது, கேஸ் அடுப்பில் வைக்கக் கூடாது. கெட்டித் துணியால் பிடித்து, புரொப்பெல்லரை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். ஆறினால் திரும்பச் சூடு காட்டுங்கள். சூடு, ஆட்டம், சூடு, ஆட்டம். பலத்தால் அல்ல.

இந்தச் சின்ன எஞ்சினில் கனெக்டிங் ராடு (பிஸ்டனை ஷாஃப்டோடு இணைக்கும் தண்டு) உங்கள் சுண்டுவிரலைவிட மெலிது. புரொப்பெல்லரில் கொடுக்கிற பலம் முழுவதும் அதன்மேல்தான் இறங்கும். வளைந்தால் உதிரிபாகம் எங்கே தேடுவீர்கள்? எக்ஸாஸ்ட் வழியாகத் திருப்புளியை விட்டு பிஸ்டனை நெம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கீறல் ஒன்றே போதும், கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் இறுக்கம்) போய்விடும்.

இன்னொரு கேள்வி. பெட்டியில் பழைய எரிபொருள் பாட்டில் ஏதாவது இருந்ததா?

#7 பரண்பெட்டி (திருச்சி)

சார், மிக்க நன்றி. எக்ஸாஸ்ட் வழியாகப் பார்த்தேன். வெல்லப்பாகு நிறம்தான், துருவே இல்லை!

எரிபொருள் பற்றிக் கேட்டீர்களே, ஒரு சின்னத் தகர டப்பா இருக்கிறது. மூடி இறுகியிருக்கிறது. குலுக்கினால் சத்தம் இல்லை. மேலே பெரியப்பா கையெழுத்தில் ‘டீசல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. திறக்கட்டுமா?

#8 கம்பிச்சுற்று (சென்னை)

திறக்காதீர்கள். இனிமேல் குலுக்கவும் வேண்டாம்.

மாடல் டீசல் என்பது பங்க்கில் விற்கிற டீசல் இல்லை. ஈத்தர் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு. மூன்றும் ஏறக்குறைய சம அளவு. ஈத்தர் காற்று பட்டு வருடக்கணக்கில் இருந்தால் பெராக்சைடு உண்டாகும். ஈத்தர் ஆவியாகிப்போன பின் அது அடியிலும் மூடி மரையிலும் தங்கும். அதைத் திருகினாலோ தட்டினாலோ வெடிக்கலாம். பழைய ஈத்தர் பாட்டில்களை ஆய்வகங்களில் எவ்வளவு பயத்தோடு கையாளுகிறார்கள் என்று வேதியியல் படித்தவர்களைக் கேளுங்கள். டப்பா இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். எஞ்சின் எங்கும் ஓடிப்போகாது, முதலில் இதை முடியுங்கள்.

#9 பரண்பெட்டி (திருச்சி)

உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது சார். அந்த டப்பாவைப் பேரன் கையில் கொடுத்துப் படம் எடுத்தோம் போன வாரம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டேன்.

#10 பரண்பெட்டி (திருச்சி)

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். டப்பாவை வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

நேற்று மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். மனைவியின் ஹேர் டிரையர்தான் கிடைத்தது. எஞ்சினை ஒரு மரக்கட்டையில் திருகி, அதைச் சுற்றிப் பழைய தகரத்தை வளைத்துக் கூண்டு மாதிரி வைத்தேன், சூடு வெளியே போகாமல் இருக்க. கால் மணி நேரத்தில் ஒரு வாசனை வந்தது. சார், அதே வாசனை. மைதானத்து வாசனை. கொஞ்ச நேரம் டிரையரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர்ச் சொட்டு சுர்ரென்று போனது. துணியோடு புரொப்பெல்லரைப் பிடித்து ஆட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. நான்காவது முறை சூடு காட்டியபோது, கடிகார முள் ஒரு நிமிடம் நகர்கிற அளவு, அவ்வளவுதான், நகர்ந்தது. திரும்பி வரவில்லை, அங்கேயே நின்றது. இன்னும் சூடு. இன்னும் கொஞ்சம். எக்ஸாஸ்ட் துவாரத்தின் ஓரத்தில் மெல்லிய நூல் மாதிரி பழுப்பாக எண்ணெய் இழுபட்டது, புட்டுக்குப் பாகு பதம் பார்க்கும்போது இரண்டு விரலுக்கு நடுவில் இழுபடுமே, அந்த மாதிரி. அப்புறம் ஒரு முழுச் சுற்று. பிஸ்டன் மேலே வரும்போது புஸ்ஸென்று சத்தம் கேட்டது. கம்ப்ரஷன் இருக்கிறது!

இனி முழுதாகச் சுத்தம் செய்ய வேண்டும். எப்படி?

#11 லேத்துமேடை (கோயம்புத்தூர்)

வாழ்த்துகள் பரண்பெட்டி. சூடாக இருக்கும்போதே பிளக், பேக் பிளேட் (பின்மூடி), ஹெட் மூன்றையும் கழற்றுங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், அதனால் சூட்டில் திருகு இளகும். ஒரு எச்சரிக்கை. ஜப்பான் எஞ்சினின் பிளஸ் திருகுகளுக்கு நம் ஊர்க் கடையில் கிடைக்கிற பிலிப்ஸ் முனை சரியாக உட்காராது. ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தர அளவு) முனை வேண்டும். பழைய ஜப்பான் பைக் வேலை பார்க்கிற மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். தலை வழுக்கிவிட்டால் அப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும்.

முழுச் சுத்தத்துக்கு நான் செய்வது கூலன்ட் முறை. வெளிநாட்டில் பலரும் பல வருடமாகச் செய்வதுதான். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலன்ட்டில் முக்கியமாக இருப்பது எத்திலீன் கிளைக்கால். அதுவும் ஆல்கஹால் குடும்பம்தான், ஆனால் கொதிநிலை 197 டிகிரி. அதனால் சூடாக வைத்தாலும் ஸ்பிரிட் மாதிரி ஆவியாகி ஓடாது, மணிக்கணக்கில் வார்னிஷைப் பிடித்துக் கரைக்கும். தண்ணீர் கலந்து விற்கிறதை வாங்காதீர்கள், கலக்காத கெட்டிக் கூலன்ட் வாங்குங்கள்.

அவர்கள் மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சட்டியில் வைப்பார்கள். நம் வீடுகளில் அது குறைவு. பழைய எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் இருந்தால் போதும். சோறு வடிக்கும் நிலையில் வைக்கக் கூடாது, ‘வார்ம்’ நிலையில் மட்டும். சூடு குறைவுதான், அதனால் ஒரு பகல் ஒரு இரவு விடுங்கள். கெட்டிக் கூலன்ட் 110 டிகிரி தாண்டினால் அதன் ஆவி தீப்பிடிக்கலாம், அதனால் கேஸ் அடுப்பில் சட்டி வைத்துக் கொதிக்கவிட்டுவிடாதீர்கள். ரப்பர் வளையம், பிளாஸ்டிக், காகித கேஸ்கட் (மூடி இடுக்கில் வைக்கும் அடைப்பு), நீடில் (எரிபொருள் அளவைத் திருத்தும் ஊசித் திருகு) பகுதி எதுவும் உள்ளே போகக் கூடாது. சிவப்பு, நீலம் என்று சாயம் ஏற்றிய அலுமினிய பாகங்களும் வேண்டாம், நிறம் வெளுக்கும்.

வெளியே எடுத்தவுடன் வெந்நீரில் சோப்பு போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிஸ்டன் தலையில் கரி இருந்தால் மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், பிளேடு கூடாது. சிலிண்டரின் குளிர்விப்புத் துடுப்புகளில் இறுகியதற்குப் பித்தளைக் கம்பி பிரஷ் போதும், இரும்பு பிரஷ் கீறிவிடும். அப்புறம் தாமதிக்கவே கூடாது. தண்ணீர் பட்ட இரும்பு லைனரும் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) ஷாஃப்டும் பத்து நிமிடத்தில் துருவேறத் தொடங்கும். ஹேர் டிரையரால் ஈரத்தை விரட்டி, உடனே மெல்லிய எண்ணெய் விட்டுவிடுங்கள்.

லைனரை எடுக்க வேண்டும் என்றால், எடுக்கும் முன் முன்பக்கம் எது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். துளைகள் மாறி உட்கார்ந்தால் ஓடாது. சூட்டில் தானாக வந்தால் எடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

#12 நூலேணி (மதுரை)

லேத்துமேடை அண்ணா சொன்ன முறை நல்ல முறைதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், குழந்தைகளும் வாயில் வைக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். எங்கள் தெருவில் ஒரு நாய்க்குட்டி இதனால் செத்தது. மெக்கானிக் ஷெட்டுக்கு முன்னால் வழிந்து கிடந்த கூலன்ட்டைக் குடித்துவிட்டது. இரண்டு நாள் துடித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அதனால் அந்தக் குக்கர் மறுபடி சமையலறைக்குப் போகவே கூடாது. மேலே பெயின்ட்டால் ‘விஷம்’ என்று எழுதிவிடுங்கள். வெளியே, மூடி போட்டு, பூட்டிய கம்பிக் கதவுக்குள் வையுங்கள். முடிந்ததும் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் மூடி, கார் சர்வீஸ் செய்கிற இடத்தில் பழைய கூலன்ட்டோடு சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். புரொப்பிலீன் கிளைக்கால் போட்ட கூலன்ட்டும் உண்டு, அதன் விஷம் மிகக் குறைவு, வேலையும் செய்கிறது. தேடி அதையே வாங்குவது நல்லது. வீட்டில் பேரன் இருப்பதாகச் சொன்னார்கள், அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

#13 பரண்பெட்டி (திருச்சி)

நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா. புரொப்பிலீன் கிளைக்காலே தேடுகிறேன்.

#14 கம்பிச்சுற்று (சென்னை)

லேத்துமேடை தம்பியோடு நான் ஓர் இடத்தில் வேறுபடுகிறேன். என்யா 19 இரும்புப் பிஸ்டனும் எஃகு லைனரும் கொண்டது. வளையம் கிடையாது, தேய்த்துப் பொருத்திய பிஸ்டன். இந்த வகை எஞ்சினில் வருடக்கணக்கில் ஓடும்போது பிஸ்டன் சுவரில் மெல்லிய வார்னிஷ் படலம் உண்டாகி, அந்தப் பொருத்தத்தை இன்னும் கச்சிதமாக்குகிறது. அதையும் சேர்த்துக் கூலன்ட்டில் கரைத்துவிட்டால், பழைய எஞ்சின்களில் கம்ப்ரஷன் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே அழகாக இருக்கும், உள்ளே உயிர் குறைந்திருக்கும்.

தம்பியின் எஞ்சின் சூட்டிலேயே சுற்றத் தொடங்கிவிட்டது, புஸ்ஸென்ற சத்தமும் வந்துவிட்டது. அப்படியென்றால் உள்ளே எதற்குக் கை வைக்க வேண்டும்? பேக் பிளேட்டைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, எண்ணெய் விட்டு மூடினால் போதும்.

#15 லேத்துமேடை (கோயம்புத்தூர்)

சார் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் முழுதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை. கூலன்ட்டில் போட்டு எடுத்த பிறகு கம்ப்ரஷன் குறைந்த எஞ்சின்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தேய்ந்துபோனவை. வார்னிஷ்தான் அதை மறைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று, முழுதும் விளக்கெண்ணெய் போட்ட எரிபொருளில் சில தொட்டி ஓட்டினால் அந்தப் படலம் திரும்ப உண்டாகிவிடும். ஆனால் இந்த எஞ்சின் பற்றிய முடிவில் சாரோடு உடன்படுகிறேன். கிராங்க் கேஸும் ஹெட்டும் மட்டும் கூலன்ட்டில் போகட்டும். லைனர், பிஸ்டன், ராடு, ஷாஃப்ட் அனைத்தையும் ஆல்கஹாலில் கழுவினால் போதும்.

#16 கம்பிச்சுற்று (சென்னை)

அது சரி. அப்படியே செய்யுங்கள் தம்பி.

ஆல்கஹால் விஷயத்தில் ஒரு வார்த்தை. எரிபொருளில் இருக்கிற மெத்தனாலிலேயே கழுவினால் நன்றாகக் கரையும், ஆனால் நான் வேண்டாம் என்பேன். கள்ளக்குறிச்சியில் 2024-இல் 60 பேருக்கு மேல் உயிரைப் பறித்தது மெத்தனால்தான். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். பகல் வெளிச்சத்தில் அது எரிந்தால் சுடர் கண்ணுக்கே தெரியாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மின்னணுப் பொருள் கடைகளில் கிடைக்கும், அதுவும் எளிதில் தீப்பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். கையுறை போடுங்கள்.

#17 சாங்கிகாற்று (சிங்கப்பூர்)

காக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். என்னிடம் நான்கு இருக்கிறது, மூன்றை இப்படித்தான் மீட்டேன்.

காக்ஸில் க்ளோ பிளக் தனியாக இல்லை, ஹெட்டோடு சேர்ந்தே வரும். அதனால் ஹெட்டைக் கூலன்ட்டில் போடாதீர்கள், ஆல்கஹாலில் அலசுவதோடு நிறுத்துங்கள். அப்புறம் 1.5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள், உள்ளே சுருள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். சிலிண்டரைக் கழற்ற அதற்கென்றே சாவி உண்டு. சாவி இல்லாமல் எக்ஸாஸ்ட் துவாரத்தில் ஆணியோ திருப்புளியோ விட்டுத் திருப்பினால் சிலிண்டர் சுவர் மிக மெல்லியது, வளைந்துவிடும். பின்பக்கம் எரிபொருளை உள்ளே விட்டுத் திரும்பவிடாத ஒரு சின்ன ரீட் வால்வு தாள் இருக்கும், விரல்நகத்தைவிடச் சிறியது. அதில் பசை ஒட்டியிருந்தால் எஞ்சின் ஓடவே ஓடாது. ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துத் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். மடங்கியிருந்தால் புதுசுதான்.

#18 புதுக்காற்றாடி (சேலம்)

ஒரு சந்தேகம். என்னிடமும் ஒரு பழைய 40 அளவு எஞ்சின் இருக்கிறது, ஏ.பி.சி. என்று போட்டிருக்கிறது. கீழே எளிதாகச் சுற்றுகிறது, பிஸ்டன் மேலே வரும்போது மட்டும் கெட்டியாகப் பிடிக்கிறது. ஒரு வாரம் ஆல்கஹாலில் ஊறவைத்தும் அப்படியே இருக்கிறது. கூலன்ட்டில் போடவா?

#19 லேத்துமேடை (கோயம்புத்தூர்)

வேண்டாம் புதுக்காற்றாடி. அது பிசுக்கு இல்லை, அதன் அமைப்பே அப்படி. ஏ.பி.சி. என்றால் அலுமினியப் பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை லைனர். லைனர் மேல்பக்கம் குறுகலாகச் செய்திருப்பார்கள். ஓடும்போது மேல்பக்கம் அதிகம் சூடாகி விரியும், அப்போது பொருத்தம் சரியாகிவிடும். ஆறியிருக்கும்போது மேலே பிடிப்பது நல்ல அறிகுறி. அப்படிப் பிடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஹேர் டிரையரால் சூடாக்கிச் சுற்றிப் பாருங்கள், இளகினால் ஒன்றும் பழுதில்லை. ஆறிய நிலையில் அதைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்காதீர்கள், பொருத்தம் தேயும்.

#20 புதுக்காற்றாடி (சேலம்)

சூடாக்கினேன். வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. நன்றி அண்ணா!

#21 நூலேணி (மதுரை)

பால் பேரிங் உள்ள எஞ்சின் வைத்திருப்பவர்களுக்காக. பரண்பெட்டியின் என்யாவில் ஷாஃப்ட் நேரடியாகப் புஷ்ஷில்தான் (குண்டுகள் இல்லாத உலோகக் குழாய்) ஓடுகிறது, அதனால் கவலை இல்லை. ஆனால் பேரிங் இருந்தால், பிசுக்கைவிடத் துருவே பெரிய எதிரி. மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நைட்ரோமீத்தேன் எரிந்ததில் அமிலம் உண்டாகும், இரண்டும் சேர்ந்து பின்பக்க பேரிங்கைத் தின்னும். சுற்றும்போது மணல் அரைக்கிற மாதிரி கேட்டால் மாற்றிவிடுங்கள். கிராங்க் கேஸைச் சமையலுக்குப் பயன்படுத்தாத மின்சார ஓவனில் 150 டிகிரிக்குச் சூடாக்கி, மரக்கட்டையில் லேசாகத் தட்டினால் பழைய பேரிங் தானாக விழும். புதியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்து, சூடான கேஸில் வைத்தால் தானாக உட்காரும்.

#22 பரண்பெட்டி (திருச்சி)

பத்து நாள் ஆகிவிட்டது, வேலை முடிந்தது. கேஸும் ஹெட்டும் கூலன்ட்டில் ஒரு பகல் ஒரு இரவு. பச்சை நிறக் கூலன்ட் காபி டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்தபோது, பக்கவாட்டில் ‘என்யா’ எழுத்து மெல்ல வெளிவந்தது. நான் இதுவரை அந்த எழுத்தைப் பார்த்ததே இல்லை, பெரியப்பா ஓட்டிய காலத்திலேயே அது கறுத்துத்தான் இருந்தது.

உள்ளே திறந்தபோது ஷாஃப்டும் லைனரும் கண்ணாடி மாதிரி இருந்தன. ஒரு புள்ளி துரு இல்லை. அந்தப் பிசுக்குதான் இத்தனை வருடம் காற்றும் ஈரமும் படாமல் மூடிக் காத்திருக்கிறது. பேக் பிளேட் கேஸ்கட் கிழிந்துவிட்டது, என்ன போடலாம்? ஹெட் திருகை எப்படி இறுக்க வேண்டும்?

#23 கம்பிச்சுற்று (சென்னை)

கேஸ்கட்டுக்குப் பழுப்பு நிற அஞ்சல் உறைக் காகிதம் போதும். பேக் பிளேட்டைக் காகிதத்தில் அழுத்தினால் அச்சு விழும், அதன்படி வெட்டி, துளை போட்டு, விளக்கெண்ணெய் தடவி மாட்டுங்கள். ஹெட் திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். முதல் தடவை ஓடி ஆறிய பின் இன்னொரு முறை சரிபாருங்கள்.

நீடிலை மூன்று சுற்றுத் திறந்து தொடங்குங்கள். எரிபொருளில் எண்ணெய் முழுவதும் விளக்கெண்ணெயாகவே இருக்கட்டும், 25 சதவீதம். புரொப்பெல்லர் 9-க்கு 4 (விட்டம் 9 அங்குலம், பிட்ச் 4 அங்குலம்). எரிபொருள் அதிகமாகவே போகட்டும், நிறையப் புகையோடு கரகரவென்று ஓட வேண்டும். புரொப்பெல்லரின் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, நீடிலைத் தொடும்போது பின்னால் இருந்து தொடுங்கள். பேரனைப் பத்து அடிக்கு அப்பால் உட்கார வையுங்கள், காதைப் பொத்திக்கொண்டு.

#24 பரண்பெட்டி (திருச்சி)

ஓடியது சார்.

இந்த இழையைப் படித்த ஒருவர் தன் எரிபொருளில் கால் லிட்டர் கொண்டுவந்து கொடுத்தார், பெயர் சொல்ல வேண்டாம் என்றார். இன்று காலை 7 மணிக்கு, பெரியப்பா நின்ற அதே மைதானத்தில், மேசையில் கட்டி வைத்து. புரொப்பெல்லரைத் தட்டிச் சுற்றியதில் முதல் பன்னிரண்டு தட்டில் ஒன்றுமில்லை. எக்ஸாஸ்ட்டில் இரண்டு சொட்டு விட்டுத் தட்டினேன், ஒரு முறை உறுமி நின்றது. நீடிலை அரைச் சுற்று மூடினேன். அடுத்த தட்டில் பிடித்துக்கொண்டது. இரண்டு நிமிடம், புகையோடு. பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் நின்ற பிறகு, ‘இவ்வளவு சத்தமாகவா இருக்கும்?’ என்று மட்டும் கேட்டார்கள்.

மிச்ச எரிபொருளை இழுத்துவிட்டு, எண்ணெய் சொட்டு விட்டு, துணியில் சுற்றி வைத்துவிட்டேன். ஹெட் திருகு இரண்டு கொஞ்சம் இளகியிருந்தது, இறுக்கினேன்.

அடுத்து டீசல். மேலே இருக்கிற கம்ப்ரஷன் லிவர் அசையவில்லை, அதையும் சூட்டில்தானே?

#25 கம்பிச்சுற்று (சென்னை)

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத வரவில்லை தம்பி.

டீசலுக்கும் அதே சூடுதான், ஆனால் வரிசை வேறு. முதலில் எஞ்சினை ஆல்கஹாலால் கழுவி, ஒரு நாள் வெளியில் காயவிடுங்கள், பழைய ஈத்தர் மிச்சம் ஏதும் இருக்கக் கூடாது. பிஸ்டன் சுதந்திரமாகச் சுற்றும்வரை லிவரைத் தொடாதீர்கள். லிவர் கீழே தள்ளுவது கான்ட்ரா பிஸ்டனை, அதாவது சிலிண்டரின் மேல்பக்கம் இருந்து கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைக்கும் நகரும் அடைப்பை. அது ஒட்டியிருக்கும்போது கீழே இறக்கிவிட்டு எஞ்சினைச் சுற்றினால் ராடு வளையும். சூடு காட்டி, முதலில் லிவரை இளக்கும் திசையில், கால் சுற்று மட்டும்.

#26 பரண்பெட்டி (திருச்சி)

கழுவி மாடியில் காயவைத்திருக்கிறேன். நாளை மாலை டிரையர்.